மேசையில் ஆடிய சாகசம் ஒலி நாடகமாகும்போது

“நண்பர்களோடு பாத்ஃபைண்டர் ஆடி வருகிறோம். இந்த மாதிரி ஃபேன்டஸி சாகசங்களை ஒலி நாடகமாகவும் எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எதைக் கேட்கலாம்? ஆட்டமே தெரியாத என் மனைவிக்கும் பிடிக்குமா? நாங்கள் ஆடி முடித்த சாகசத்தை இப்படி நாடகமாக்க முடியுமா?” என்பது கேள்வி. தெரியாதவர்களுக்கு: பாத்ஃபைண்டர் என்பது நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஒரு சாகசக் கதையை ஆடும் விளையாட்டு. கதையை நடத்துபவரை கேம் மாஸ்டர் என்பார்கள்.

கேட்க நல்லவை இருக்கின்றன. சரியானதிலிருந்து தொடங்கினால் ஆட்டம் தெரியாதவருக்கும் பிடிக்கும். நீங்களும் செய்யலாம். ஆனால் ஆடியதை ஒலிப்பதிவு செய்து, தேவையில்லாததை வெட்டினால் நாடகம் கிடைத்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது ஏன் நடக்காது என்பதைச் சொல்லத்தான் பதில் இவ்வளவு நீளமாகிவிட்டது.

கடையில் வாங்கும் சாகசப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஊர் இருக்கும், ஊருக்கு வெளியே குகை இருக்கும், குகையின் ஒவ்வொரு அறைக்கும் வரைபடம் இருக்கும். வில்லனுக்கு முன்கதை, அவன் கையாளுக்குப் பெயர், சத்திரம் நடத்தும் பெண்ணுக்குத் தனிக் குணம் என்று எல்லாம் எழுதியிருப்பார்கள். நாயகர்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். அவர்களை ஆட்டக்காரர்கள் கொண்டுவர வேண்டும். புத்தகத்தின் நடுவில் வேண்டுமென்றே ஒரு காலி இடம் விட்டு, அதைச் சுற்றித்தான் மற்ற எல்லாவற்றையும் கட்டியிருக்கிறார்கள். ஒரே சாகசத்தை ஆடிய இரண்டு குழுக்கள் இரண்டு வேறு கதைகளோடு எழுந்து போவது இதனால்தான். ஒலி நாடகம் எழுதுகிறவர் அந்தக் காலி இடத்தில் யாரை வைக்கிறார், அவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதில் கோட்டை விட்டவர்கள் எவ்வளவு நல்ல நடிகர்களைப் போட்டாலும் அறை அறையாகச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி ஒலிநாடாதான் மிஞ்சுகிறது.

பாத்ஃபைண்டர் ஆடுகிறவர் என்பதால் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். ‘ரைஸ் ஆஃப் தி ரூன்லார்ட்ஸ்’. பாத்ஃபைண்டரை வெளியிடும் பைசோ நிறுவனம் 2007-ல் தொடங்கிய ஆறு பாகச் சாகசம். இந்த வகை ஆட்டங்களில் முதலாவதான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கான ‘டிராகன்’, ‘டஞ்சன்’ இதழ்களை நடத்தும் உரிமம் அந்த ஆண்டு பைசோவின் கையை விட்டுப் போனது. சொந்தமாக ஓர் உலகத்தை உருவாக்கி அதில் கதை சொல்ல வேண்டிய கட்டாயத்தில் பிறந்த தொடர் இது. பாத்ஃபைண்டர் விதிநூல் 2009-ல்தான் வந்தது. அதனால் முதல் பதிப்பை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 3.5 விதிகளில்தான் ஆட வேண்டியிருந்தது. 2012-ல் திருத்தி ஒரே தடித்த புத்தகமாகப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் பிக் ஃபினிஷ் வருகிறது. இங்கிலாந்து நிறுவனம், 1999 முதல் ‘டாக்டர் ஹூ’ ஒலி நாடகங்களைத் தயாரித்துப் பேர் வாங்கியது. அவர்களுடைய ‘பாத்ஃபைண்டர் லெஜெண்ட்ஸ்’ வரிசையில் இந்தச் சாகசத்தின் ஆறு பாகங்களும் ஆறு நாடகங்களாக வந்தன. இயக்கம் ஜான் ஐன்ஸ்வொர்த். பிறகு ‘மம்மிஸ் மாஸ்க்’, ‘கர்ஸ் ஆஃப் தி கிரிம்சன் த்ரோன்’ என்ற சாகசங்களையும் இதே வரிசையில் எடுத்தார்கள்.

வாரம் ஒரு நாள் கூடும் குழு இந்த ஆறு பாகங்களையும் முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆகும். நாடகத்தில் ஒரு பாகத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். மேசையில் நேரத்தை அதிகம் தின்பது சண்டை. ஆறு விநாடிச் சண்டைச் சுற்று ஒன்றை ஆடி முடிக்கச் சில நேரம் பத்து நிமிடம் ஆகும், உங்களுக்கே தெரியும். ஆகவே முதலில் வெட்டுப்படுவது அதுதான், அந்த வெட்டில் வருத்தப்பட ஒன்றுமில்லை. எனக்கு வருத்தம் ஊர்க்காரர்களைப் பற்றித்தான். முதல் பாகம் நடக்கும் சாண்ட்பாயிண்ட் என்ற கடற்கரை ஊரைப் புத்தகம் கடை கடையாக, வீடு வீடாக எழுதியிருக்கிறது. அந்த ஊரில் உங்களுக்கு நாலு பேரைப் பிடித்துப் போனால்தான் பின்னால் அதற்கு ஆபத்து வரும்போது மனசு பதறும். ஒரு மணி நேரத்தில் அதற்கு இடம் குறைவு.

சரி, காலி இடத்தில் யாரை வைத்தார்கள்? வலரோஸ் என்ற வாள்வீரன், மெரிசியேல் என்ற எல்ஃப் இனத் திருடி, எஸ்ரென் என்ற வயதான மந்திரவாதி, ஹார்ஸ்க் என்ற, ட்வார்ஃப் எனும் குள்ளர் இனத்துக் காட்டு வீரர் (ரேஞ்சர்). விதிநூல்களின் அட்டையில், வேய்ன் ரெனால்ட்ஸின் ஓவியங்களில் நீங்கள் பார்த்துப் பழகிய அதே ஆட்கள். வாள்வீரன், திருடி, மந்திரவாதி என்று ஆட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு வகை ஆளுக்கும் மாதிரியாகப் பைசோ வைத்திருக்கும் பாத்திரங்கள் இவர்கள். காதுக்காகப் பார்த்தால் இது மிகச் சரியான தேர்வு. ஒரு கிழவர், ஓர் இளைஞன், ஒரு பெண், கரகரத்த குரலில் ஒரு ட்வார்ஃப். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேசுகிறார் என்று அரை நொடியில் தெரிந்துவிடும். ஒலி நாடகத்தில் இரண்டு பேர் குரல் ஒன்றுபோல் இருந்தால் அந்தக் காட்சியே குழம்பிவிடும். அதோடு, இவர்களுக்கு ஏற்கெனவே சின்னச் சின்ன குணங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஹார்ஸ்க் மது தொடாமல் தேநீர் குடிப்பவர். எஸ்ரென் நடு வயது தாண்டி மந்திரம் கற்கத் தொடங்கியவர், அந்தத் தாமதத்தின் வலி அவருக்குள் இருக்கிறது. ஒரு வரியில் ஆளைப் பிடித்துக்கொள்ள இது போதும்.

இதே தேர்வில் ஒரு பெரிய நஷ்டமும் இருக்கிறது. அட்டைப் படத்தில் இருப்பவர்கள் சாக முடியாது. மேசையில் உங்கள் பாத்திரம் மூன்றாம் வாரமே செத்துப் போகலாம். அந்தப் பயத்தில்தான் எல்லோரும் மேசையை நோக்கிக் குனிகிறார்கள். நிறுவனத்தின் முகங்களான நான்கு பேரை வைத்து எழுதும்போது கேட்பவருக்கு அந்தப் பயம் வருவதில்லை. நாடகத்தில் நல்ல காட்சிகள் வர வேண்டுமென்றால் உயிர் தவிர வேறு ஏதாவது பணயத்தில் இருக்க வேண்டும். நட்பு, மானம், ஒருவர் மறைத்து வைத்திருக்கும் விஷயம், இப்படி ஏதாவது.

இந்தச் சாகசத்தை இனிமேல்தான் ஆடப் போகிறீர்கள் என்றால் அடுத்த நான்கு பத்திகளைத் தாண்டிவிடுங்கள். கதை உடையும்.

முதல் பாகமான ‘பர்ன்ட் ஆஃபரிங்ஸ்’ ஜேம்ஸ் ஜேக்கப்ஸ் எழுதியது. ஊரில் பழைய கோயில் தீயில் எரிந்து ஐந்தாண்டு ஆகிறது. புதிய கோயிலைத் திறக்கும் திருவிழா நடக்கிறது. அப்போது கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் புகுந்து தீ வைக்கின்றன. ஒலி நாடகத்துக்கென்றே செய்த தொடக்கம் மாதிரி இருக்கிறது, இல்லையா? கூட்டத்தின் இரைச்சல், பேச்சு, திடீரென்று ஓர் அலறல், அப்புறம் பாட்டு. கோப்ளின்கள் பாடிக்கொண்டே வருகின்றன. அந்தப் பாட்டின் வரிகள் சாகசப் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கின்றன. எழுதினால் தலைக்குள் இருக்கும் வார்த்தைகளை எழுத்து திருடிவிடும் என்று நம்பும் இனம் அது. அவர்களிடம் இருப்பதெல்லாம் குரல்தான். விளையாட்டாகத் தொடங்கும் ஒரு பாட்டு, வரி வரியாகக் கொடூரமாவதைக் காதால் கேட்கும்போது வரும் பயத்தைப் பக்கத்தில் படிக்கும்போது நான் உணர்ந்ததில்லை.

இரண்டாம் பாகம் ‘தி ஸ்கின்சா மர்டர்ஸ்’. ரிச்சர்ட் பெட் எழுதியது. என்னைக் கேட்டால் ஆறிலும் சிறந்தது இதுதான். முதல் பாகத்தில் கோப்ளின்களிடமிருந்து நாயகர்கள் காப்பாற்றும் ஆல்டர்ன் ஃபாக்ஸ்குளோவ் என்ற பணக்கார இளைஞன் குழுவில் ஒருவர்மேல் பைத்தியமாகிறான். அது காதலாக இருக்கலாம், பொறாமையாகவோ வெறுப்பாகவோகூட இருக்கலாம். யார்மேல், எப்படிப்பட்ட வெறி என்பதை கேம் மாஸ்டர் தன் மேசையைப் பார்த்து முடிவு செய்து கொள்ள வேண்டும். இரண்டாம் பாகத்தில் பிணங்கள் விழுகின்றன, பிணத்தின்மேல் குத்திய சீட்டில் அந்த ஒருவரின் பெயர் இருக்கிறது. நான் சொன்ன காலி இடம் இங்கே பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. மேசையில் எந்த ஆட்டக்காரரின் பெயர் சீட்டில் வருகிறதோ அவர் முகம் வெளிறிப் போகும், ஏனென்றால் அது அவர் உருவாக்கிய ஆள். நாடகத்தில் அந்த அதிர்ச்சி தானாக வராது. யார் பெயர் என்பதை எழுத்தாளர் ஒருமுறை முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்த பிறகு, அந்தப் பெயர் வரும்போது நமக்கு வலிக்கும்படி முதல் நாடகத்திலிருந்தே அந்த ஆளை நம்மோடு நெருங்க வைத்திருக்க வேண்டும். கொலையாளி யார் என்பதைவிட, தன்னால் ஊரில் பிணம் விழுகிறது என்று தெரிந்தவர் மற்ற மூன்று பேரோடு எப்படிப் பேசுகிறார் என்பதுதான் காட்சி.

பிறகு ஆல்டர்னின் பேய் பிடித்த மாளிகை. அங்கே நடக்கும் அமானுஷ்யங்களை விதிநூலில் ‘ஹாண்ட்’ என்பார்கள். பலவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிவதில்லை. ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தாக்குகின்றன. மற்றவர்கள் பார்ப்பது, தங்கள் தோழன் காரணமே இல்லாமல் நடுங்குவதை மட்டும்தான். மேசையில் இதைச் செய்ய கேம் மாஸ்டர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார், அல்லது தனியே அழைத்துக் காதில் சொல்வார். ஒலியில் இதைவிட நன்றாகச் செய்யலாம். கேட்பவரை அந்த ஒருவரின் காதுக்குள் வைத்துவிட முடியும். ஹெட்ஃபோனில் இடது பக்கம் மட்டும் ஒரு மூச்சு, நண்பர்களின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்கு அடியில் போவது, பிறகு திடீரென்று எல்லாம் இயல்புக்கு வந்து “என்ன ஆச்சு உனக்கு?” என்று ஹார்ஸ்க் மாதிரி ஒருவர் கேட்பது. பாதிக்கப்பட்டவர் “ஒன்றுமில்லை” என்று பொய் சொன்னால் அந்தப் பொய் நமக்கு மட்டும் தெரியும். அந்த மாளிகையின் மேல்மாடத்தில் ஆல்டர்ன் கொன்ற மனைவி ஐயேஷா அழுதுகொண்டிருக்கிறாள். வீட்டில் நுழைந்தது முதல் தூரத்து அழுகையாகக் கேட்டு, ஒவ்வொரு மாடி ஏறும்போதும் நெருங்கும் ஒலி அது. இதை எழுதியவர் மேசைக்காகத்தான் எழுதினார், ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்யும் எவருக்கும் இந்தப் பக்கத்தைப் பார்த்தால் கை துறுதுறுக்கும்.

இதற்கு நேர் எதிரான தொல்லை சிஹெட்ரன் என்ற ஏழு முனை நட்சத்திரம். பழைய தஸ்ஸிலோன் பேரரசின் சின்னம். பிணத்தின் நெஞ்சில் கீறியிருப்பது, பதக்கத்தில் பொறித்திருப்பது, இடிபாட்டில் செதுக்கியிருப்பது எல்லாம் அதுவே. ஆறு பாகத்தையும் கட்டும் கயிறு ஒரு படம். படத்தைக் காதால் பார்க்க முடியாது. யாராவது வாயால் சொல்ல வேண்டும், சொல்வதற்கு ஒரு காரணமும் வேண்டும். இங்கே எஸ்ரென் கைகொடுக்கிறார்: அவர் படித்தவர், மற்ற மூவரும் அந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாதவர்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது இயல்பு. “அதோ பார், உன் பின்னால் பச்சை நிற ராட்சதன் கோடரியோடு வருகிறான்” என்று சண்டைக்கு நடுவில் ஒருவர் வர்ணிப்பது இயல்பாக இருக்காது. மோசமான ஒலி நாடகத்தை இந்த மாதிரி ஒரு வசனத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

சண்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஆல் இந்தியா ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். படத்தின் ஒலியை மட்டும் போடுவார்கள். வசனமும் பாட்டும் அருமையாக இருக்கும், சண்டை வந்தால் மட்டும் யார் அடித்தார், யார் விழுந்தார் என்றே தெரியாது. வாள் மோதும் ஓசைக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. மூன்றாவது ‘டணார்’ வரும்போது காது அதை இரைச்சலாக எடுத்துக்கொண்டு கவனத்தை அணைத்துவிடுகிறது. சண்டைக்குள் ஒரு கேள்வி இருந்தால்தான் காது விழித்திருக்கும். கதவைச் சாத்திவிட்டால் நாம் பிழைப்போம், ஆனால் மெரிசியேல் இன்னும் வெளியே இருக்கிறாள், சாத்துவதா வேண்டாமா? இப்படி ஒன்று இருந்தால் வாள் ஓசை பின்னணியில் எவ்வளவு குறைவாக இருந்தாலும் போதும்.

பகடையும் இங்கேதான் வருகிறது. மேசையில் சிறந்த தருணங்கள் பலவும் பகடை கவிழ்த்துவிட்டதால் பிறப்பவை. பெரிய திட்டம் போட்டு, இருபது பக்கப் பகடையில் ஒன்று விழுந்து, திருடி தன் காலில் தானே தடுக்கி விழுந்து, காவலர்களுக்கு நடுவில் நின்று அப்போது வாய்க்கு வந்ததை உளறித் தப்பிப்பாள். நாடகம் எழுத உட்கார்ந்தவுடன் நம் கை அந்தத் தோல்விகளைத் துடைக்கப் பார்க்கிறது, நாயகர்கள் நாயகர்களாகத் தெரிய வேண்டுமே என்று. தோல்விகளை விட்டுவிடாதீர்கள். பகடையைக் கேட்கவைக்கத் தேவையில்லை, அது செய்த சேதத்தைக் கதைக்குள் காரணத்தோடு கொண்டுவந்தால் போதும். ஆட்டத்தின் மணம் நாடகத்தில் தங்குவது அங்கேதான்.

பாத்ஃபைண்டரைத் தாண்டி வேறு சிலர் இதே சிக்கலை வேறு விதமாக அவிழ்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ‘டார்க் அட்வென்ச்சர் ரேடியோ தியேட்டர்’. அமெரிக்காவில் ஷான் பிரானியும் ஆண்ட்ரூ லீமனும் நடத்தும் எச். பி. லவ்கிராஃப்ட் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி தயாரிப்பது. கேயாசியம் நிறுவனம் 1984-ல் வெளியிட்ட ‘மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லாத்தோதெப்’ என்ற சாகசத்தை, ‘கால் ஆஃப் கதுலு’ என்ற இன்னொரு மேசை ஆட்டத்துக்கு எழுதப்பட்டதை, இவர்கள் நாடகமாக்கியிருக்கிறார்கள். வாளும் மந்திரவாதியும் உள்ள ஃபேன்டஸி இல்லை, 1920-களில் நடக்கும் திகில் கதை. ஆனாலும் நம் கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இவர்கள் செய்த தந்திரம் இது: முழு நாடகத்தையும் 1930-களின் வானொலி நிகழ்ச்சி மாதிரி நடத்துகிறார்கள். அறிவிப்பாளர் வருகிறார், விறுவிறுப்பான இசை வருகிறது, இல்லாத ஒரு சிகரெட் கம்பெனிக்கு நடுநடுவே விளம்பரமும் வருகிறது. இந்த ஒரு முடிவால் வர்ணிக்கும் தொல்லை தீர்ந்து போகிறது. அந்தக் கால வானொலியில் அறிவிப்பாளர் “இப்போது நம் நாயகர்கள் கெய்ரோவில்” என்று சொல்வது சகஜம், கேட்பவருக்கு உறுத்தாது. அந்தச் சாகசமோ நியூயார்க், லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று உலகம் முழுக்க ஓடுவது. எந்த ஊருக்கு முதலில் போவது என்பதை ஆட்டக்காரர்களே முடிவு செய்வது. அதை ஒற்றைக் கோடாக்க அறிவிப்பாளரின் ஒரு வாக்கியம் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். மேசையில் ஆடும்போது ஆட்டக்காரர் கையில் கடிதம், பத்திரிகைத் துண்டு என்று கொடுப்பார்கள் அல்லவா? இவர்களுடைய நாடகத் தட்டுகளோடும் அந்த மாதிரி காகிதங்கள் வருகின்றன. காதுக்கு முடியாததைக் கைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு வழி, ஆடுவதையே பதிவு செய்வது. ‘ஆக்சுவல் பிளே’ என்பார்கள். ‘தி அட்வென்ச்சர் ஸோன்’ என்ற பாட்காஸ்ட் இதில் முக்கியமானது. 2014-ல் மெக்எல்ராய் சகோதரர்கள் மூவரும் அவர்கள் அப்பாவும் சேர்ந்து, அந்த ஆண்டு வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடக்கப் பெட்டியில் இருந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்’ சாகசத்தை ஆடத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் அச்சிட்ட சாகசத்தை விட்டு விலகிச் சொந்தக் கதைக்குப் போய்விட்டார்கள். அது 2017 வரை நீண்டு, 2018-ல் படக்கதைப் புத்தகமாகவும் வந்தது. விலகிய பிறகுதான் அது உயரப் பறந்தது என்பது என் கருத்து. ‘டார்க் டைஸ்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: உண்மையான ஆட்டத்தைப் பதிவு செய்து, பிறகு இசை, காலடி, காற்று, மிருகங்கள் என்று நாடகம் போலவே ஒலி சேர்க்கிறார்கள். நடிகர் ஜெஃப் கோல்ட்ப்ளம் கூட அதில் ஆடியிருக்கிறார். அங்கே பாத்திரங்கள் உண்மையிலேயே சாகலாம், அதனால் முன்னே சொன்ன பயம் குறையாமல் இருக்கிறது. இருட்டில் கேட்காதீர்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

இதற்கெல்லாம் முன்பே, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை அப்போது வெளியிட்டு வந்த டிஎஸ்ஆர் நிறுவனம் தலைகீழாக ஒன்று முயன்றது. 1994-ல் ‘ஃபர்ஸ்ட் குவெஸ்ட்’ என்ற பெட்டியில் ஒலித்தட்டு வைத்தார்கள். மறு ஆண்டு ரேவன்லாஃப்ட் என்ற திகில் உலகத்தின் ‘எ லைட் இன் தி பெல்ஃப்ரி’ அதே வகையில் வந்தது. குறிப்பிட்ட அறைக்குள் நுழைந்தால் கேம் மாஸ்டர் குறிப்பிட்ட டிராக்கைப் போட வேண்டும். நடிகர்கள் பேசுவார்கள். ஆட்டக்காரர்கள் நடுவில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்டால் தட்டு பதில் சொல்லாது. நான்கு பேர் உயிரோடு பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் முன்கூட்டியே பதிவான குரல் எவ்வளவு அந்நியமாக ஒலிக்கும் என்பதற்கு இவை நல்ல சான்று. நாடகத்தை மேசைக்குள் கொண்டுவருவதைவிட மேசையை நாடகத்துக்குள் கொண்டுபோவது எளிது.

ஜப்பானில் இவர்களுக்கெல்லாம் முன்பே வேறு ஒரு மரபு உண்டு. 1986-ல் ‘காம்ப்டிக்’ இதழில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் ஒன்றை உரையாடலாகவே எழுதி வெளியிடத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு நாவலாகவும் அனிமேஷனாகவும் வளர்ந்த ‘ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்’. ஆட்டத்திலிருந்து உரையாடல், உரையாடலிலிருந்து கதை என்ற வரிசையை நினைவில் வையுங்கள், உங்கள் வேலைக்கு உதவும்.

உங்கள் மனைவிக்கு எது? பேய்க்கதை பிடிக்குமென்றால் ‘தி ஸ்கின்சா மர்டர்ஸ்’ பிடிக்கும், ஆனால் அதற்கு முன் ‘பர்ன்ட் ஆஃபரிங்ஸ்’ கேட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆல்டர்ன் யாரென்று தெரியாது. பழைய வானொலி நாடகங்களில் ஆசை உண்டென்றால் ‘மாஸ்க்ஸ்’. ஆக்சுவல் பிளேயை முதலில் கொடுக்காதீர்கள். விதி தெரியாதவருக்குப் பகடைப் பேச்சு ஒரு சுவராக நிற்கும். அது ஆட்டத்தில் ஆர்வம் வந்த பிறகு கேட்க வேண்டியது.

இனி நீங்கள் செய்ய நினைக்கும் நாடகம். முதலில் உரிமை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், வேலை பாதி முடிந்த பிறகு இது தெரியவந்தால் மனசு ஒடிந்துவிடும். ஆட்ட விதிகளைப் பொதுவாகப் பதிப்புரிமை கட்டுப்படுத்தாது. ஆனால் அச்சிட்ட சாகசத்தின் கதை, வர்ணனை, பாத்திரங்கள், ஊர்ப் பெயர்கள் நிறுவனத்துக்குச் சொந்தம். சாண்ட்பாயிண்டையும் ஆல்டர்னையும் வைத்து நாடகம் எடுத்து விற்க முடியாது. காசு வாங்காமல் ரசிகர் படைப்பாகப் போடுவதற்குப் பைசோவும், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை இப்போது வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்டும் தனித்தனியே விதிகள் வைத்திருக்கின்றன. அவற்றை அந்தந்தத் தளத்தில் இன்றைய நிலையில் படித்துவிட்டுத் தொடங்குங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-ஐ 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். பெயர் குறிப்பிட்டு நன்றி சொன்னால் அதை விற்பனைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அதில் கிடைப்பது விதிகளும் பொதுவான பூதங்களும்தான். வெளியான சாகசங்களின் கதை அதில் வராது. நான் செய்வது என்றால் ஊர், வில்லன், சின்னம் மூன்றையும் சொந்தமாக உருவாக்கிவிடுவேன். உங்கள் குழுவின் பாத்திரங்கள் உங்களுடையவைதானே, காலி இடத்தை நிரப்பியவர்கள் அவர்கள். அவர்களை எடுத்துக்கொண்டு புது ஊருக்குப் போங்கள். ஒவ்வொரு பாத்திரமும் அதை ஆடிய நண்பரின் படைப்பு என்பதால் அவரவரிடம் வெளிப்படையாகக் கேட்டு ஒப்புதல் வாங்கிவிடுவது மிக முக்கியம். வேறு ஒருவர் குரல் கொடுக்கப் போகிறார் என்றால் இன்னும் முக்கியம்.

எழுத உட்காரும்போது சாகசத்தைத் தொடக்கத்திலிருந்து வரிசையாக எழுதாதீர்கள். உங்கள் நண்பர்களைக் கூட்டி, இந்தச் சாகசத்தில் மறக்க முடியாதது எது என்று கேளுங்கள். யாரும் பதினான்காம் அறையில் இருந்த எலும்புக்கூடுகளைச் சொல்லமாட்டார்கள். “நீ கைதியை விட்டுவிட்டாயே, அன்று உன்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை” என்பார்கள். அந்தக் கோபம்தான் நாடகம். அப்படி நாலைந்து தருணங்களைப் பொறுக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக எவ்வளவு வழி வேண்டுமோ அவ்வளவு மட்டும் போடுங்கள். ஒரு காட்சியில் நான்கு பேருக்கு மேல் பேச வேண்டாம். இன்னொன்றும் உண்டு: ஒலியில் ஒரு நிமிடம் பேசாதவர் அந்த அறையிலேயே இல்லை. ஒன்று அவரைப் பேச வையுங்கள், அல்லது அவர் வெளியே போவதைக் கேட்கவையுங்கள்.

குரல் பதிவை எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் செய்ய முடிந்தால் செய்யுங்கள். தனித்தனியே பதிவு செய்து ஒட்டினால் ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடும் அந்த உயிர் போய்விடும், மேசையில் நீங்கள் அனுபவித்ததே அந்தக் குறுக்கீடுதான். போர்வை, மெத்தை தொங்கவிட்ட சிறிய அறை போதும். எதிரொலி இல்லாமல் பதிவு செய்தால் குகை எதிரொலியைப் பின்னால் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம், அறை எதிரொலியோடு பதிவானதை நீக்குவது கடினம். காலடிக்கும் கதவுக்கும் இணையத்தில் இலவச ஒலிகள் கிடைக்கும், அவற்றின் உரிமத்தையும் பாருங்கள்.

முழுச் சாகசத்தையும் எடுக்கத் திட்டம் போடுவதற்கு முன் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு காட்சி செய்யுங்கள். சண்டையே இல்லாத, இரண்டு பேர் ஒரு முடிவில் முரண்படும் காட்சி. அதை ஆட்டம் தெரியாத உங்கள் மனைவியிடம் போட்டுக் காட்டி, யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு என்ன வேண்டும் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வந்தால் அடுத்த காட்சிக்குப் போகலாம். வராவிட்டால் அதே காட்சியைத் திருத்தி மறுபடி போட்டுக் காட்டுங்கள்.